தமிழ்க் கையேடு பிடிஎஃப்பில் உடைந்தபோது

மென்பொருள் கையேட்டை மார்க்டவுனில் (எளிய குறிகளோடு எழுதும் வடிவம்) எழுதி, பாண்டாக் என்ற வடிவமாற்றி மூலம் எச்டிஎம்எல், பிடிஎஃப் இரண்டும் எடுப்பது என் வழக்கம். தமிழ்ப் பதிப்பில் எச்டிஎம்எல் ஒழுங்காக வந்தது. பிடிஎஃப்போ யூனிகோட் எழுத்து ஒன்றைக் காட்டி, பிழையோடு நின்றுவிட்டது.

மார்க்டவுன் வெறும் எழுத்துக் கோப்பு; கோளாறு அதில் இல்லை. பாண்டாக் பிடிஎஃப்பை நேரடியாக எழுதுவதில்லை. முதலில் லேடெக் என்ற அச்சுக்கோப்பு வடிவமாக்கி, வேறு எதுவும் சொல்லாவிட்டால் அதைப் பிடிஎஃப்பாக்கும் எஞ்சினான பிடிஎஃப்லேடெக்கிடம் தருகிறது. பிடிஎஃப்லேடெக்குக்குத் தமிழ் ஆகாது. எஞ்சினை ஸீலேடெக் என்று மாற்றி, மெயின்ஃபாண்டாக (முதன்மை எழுத்துரு) நோட்டோ செரிஃப் தமிழைக் கொடுத்தேன். பிழை போயிற்று. ஆனால் 'கெ'யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது!

யூனிகோட் கொம்பை மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கிறது. காட்டும்போது முன்னால் நகர்த்த வேண்டுமென்றால், இது தமிழ் என்று ஸீலேடெக்குக்குச் சொல்லியாக வேண்டும். அந்த எழுத்துருவுக்கான அமைப்பான மெயின்ஃபாண்ட்ஆப்ஷன்ஸில் 'ஸ்கிரிப்ட்=தமிழ்' என்று (ஆங்கில எழுத்தில்தான்) சேர்த்ததும் சரியாகிவிட்டது. பிழைச்செய்தியே வராத இந்த இரண்டாவது சிக்கல்தான் உண்மையான தொல்லை.

அந்தப் பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் இன்னமும் குலைந்துதான் வருகிறது. திருத்தம் பார்ப்பவர்களுக்கு மார்க்டவுன் கோப்பையே அனுப்பிவிடுகிறேன்.