மனைவிக்கு மறதி நோய்: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

என் மனைவிக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லி ஆறு வருஷமாகிறது. முதல் இரண்டு வருஷம் நான் செய்ததில் பாதி தப்பு. எல்லாம் அவளைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்ற தவிப்பில் செய்தது.

முதல் தப்பு, பரீட்சை வைப்பது. "இது யாரு சொல்லு பார்ப்போம்", "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் ஞாபகம் திரும்பும் என்று நம்பினேன். திரும்பவில்லை. பதில் வராதபோது முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள், அதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். வருகிற சொந்தக்காரர்களும் "அத்தை, என்னைத் தெரியுதா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வாசலிலேயே சொல்லிவிடுங்கள், "உங்க அண்ணன் மக வந்திருக்கேன் அத்தை" என்று அவர்களே சொல்லிக்கொண்டு உள்ளே வரட்டும்.

அதைவிடப் பெரிய தப்பு, உண்மையை நிரூபிக்கப் பார்ப்பது. சாயங்காலம் ஐந்தரை ஆனால் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க." இதுதான் நம்ம வீடு, உங்க அம்மா போய் இருபது வருஷமாச்சு என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அப்போதுதான் சாவுச் செய்தி கேட்டவள் மாதிரி அழுதாள். மறுநாள் அதே கேள்வி. நான் உண்மையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு அம்மா புதிதாகச் சாக வேண்டும், அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். இப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு நானும் கிளம்பிவிடுவேன், "அம்மா என்ன சமைப்பாங்க?" என்று கேட்டால் தெருமுனை வரை புளிக்குழம்பு பற்றிப் பேசுவாள், "காபி குடிச்சிட்டுப் போகலாமா?" என்றால் திரும்பி வந்துவிடுவாள். பொழுது சாயும்போது குழப்பமும் படபடப்பும் கூடுவது இந்த நோயில் சகஜம். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள், மதியம் ரொம்ப நேரம் தூங்க விடாதீர்கள்.

பாவம் என்று எல்லா வேலையையும் பிடுங்கிவிடாதீர்கள். அடுப்புப் பக்கம் விட முடியாது சரி, ராத்திரி நானே சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுகிறேன், பாத்ரூம் உள்தாழ்ப்பாளையும் கழற்றியாகிவிட்டது. ஆனால் முறத்தில் முருங்கைக்கீரையை வைத்தால் ஒரு மணி நேரம் ஆய்வாள். காம்பும் சேர்ந்து வரும். அப்புறம் நான் பொறுக்கிக்கொள்வேன், அவள் எதிரில் இல்லை.

இது மிக முக்கியம்: திடீர் மாற்றத்தை "நோய் முற்றிவிட்டது" என்று விட்டுவிடக் கூடாது. டிமென்ஷியா பெரும்பாலும் மெதுவாகத்தான் கூடும். இரண்டே நாளில் பேச்சு குழறி, எப்போதும் தூக்கமாக, நடையும் தள்ளாடினால் உடனே டாக்டரிடம் போங்கள். என் மனைவிக்கு அப்படி ஆனபோது நான் மூன்று நாள் சும்மா இருந்துவிட்டேன், கடைசியில் பார்த்தால் சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் அது வரும். மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, சளிக்கு நாமே கடையில் வாங்கிக் கொடுக்கும் குளோர்பெனிரமைன் மாதிரி மாத்திரை, எதுவும் குழப்பத்தைக் கூட்டும். மறதி ஆரம்பிக்கும்போதே வைட்டமின் பி12, தைராய்டு பார்த்துவிட வேண்டும், அந்தக் குறைகளால் வரும் மறதி சிகிச்சையில் குறைய வாய்ப்புண்டு.

பணக் காகிதங்களையும் தள்ளிப் போடாதீர்கள். பவர், அதாவது அவர் சார்பில் நாம் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம், எழுதி வாங்கினால் போதும் என்று பலர் இருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் செல்லாது. அதனால் அவருக்குப் புரிந்து கையெழுத்துப் போட முடிகிற காலத்திலேயே, அவர் சம்மதத்தோடு, கூட்டுக் கணக்கு, நாமினி, உயில் எல்லாம் முடித்துவிடுங்கள்.

கடைசியாக உங்களுக்கு. தனியாகவே தாங்கிவிடலாம் என்று நான் என் பிரஷர் மாத்திரையையே மறந்து கிடந்தேன். மனசு தாங்காதபோது 14416-க்கு போன் செய்யலாம், அரசின் டெலி மானஸ் இலவச எண், தமிழிலேயே பேசுவார்கள். முதியோர் உதவிக்கு 14567. பக்கத்து வீட்டில் "ஏதாவது வேணுமாண்ணே?" என்று கேட்டால் பரவாயில்லைம்மா என்று அனுப்பிவிடாதீர்கள். சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு வரைக்கும் கூட உட்கார முடியுமா என்று கேளுங்கள்.