துப்பாக்கியின் உடல் அழுத்திய தகடா, குடைந்த அலுமினியமா: பார்த்தே சொல்வது எப்படி?

அருங்காட்சியகத்தில் துப்பாக்கியைப் பார்க்கும் எல்லோருடைய கண்ணும் குழலுக்குப் போகும். பிரஸ் பட்டறையில் டை, அதாவது தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் அச்சு, செதுக்கிப் பழகிய என் கண் ரிசீவருக்குத்தான் போகும். குழலையும், குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டும் போல்ட்டையும் பிடித்து நிறுத்தும் நடு உடல் அது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது தெரிந்ததே. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதற்குக் காந்தம் உதவாது.

முதலில் மூலைகளைப் பாருங்கள். பிரஸ்ஸில் அழுத்திய எஃகுத் தகடு மடிகிற இடத்தில் மழுங்கலாகத்தான் மடியும். கூராக மடித்தால் விரிசல் விடும். தடிமன் எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மெல்லிய தகட்டுக்கு விறைப்பு தர, குழிகளையும் வரப்புகளையும் அழுத்தியிருப்பார்கள். ரிவெட் தலைகளோ ஸ்பாட் வெல்டிங்கின் வட்டத் தழும்புகளோ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதைப் பழக சோவியத் ஏகே துப்பாக்கி வரிசையைவிட நல்ல பாடம் கிடையாது. 1959-இல் வந்த ஏகேஎம் துப்பாக்கியின் ரிசீவர் 1 மில்லிமீட்டர் எஃகுத் தகடு. மேகசின் நுழையும் இடத்துக்கு மேலே, பக்கவாட்டில், ஒரு சிறு குழி அழுத்தப்பட்டிருக்கும். அதற்கு முந்தைய ரகத்தில் அதே இடத்தில் நீள்சதுரமாக, ஆழமில்லாமல் சீவி எடுத்த பள்ளம் இருக்கும். அது எஃகுக் கட்டியைக் குடைந்து செய்தது. வேடிக்கை என்னவென்றால், ஏகே முதலில் தகட்டில்தான் தொடங்கியது. தேறாமல் கழித்துவிட்ட உடல்கள் மிகுந்துபோனதால் 1951 வாக்கில் குடைதலுக்கு மாறினார்கள். தகட்டைப் பிறகுதான் வசப்படுத்தினார்கள். தகடு என்றால் மட்டம் என்று பேசுகிறவர்கள் ஒரு டையைச் சரிக்கட்டிப் பார்த்ததில்லை என்பேன்.

அலுமினியத்துக்கு அமெரிக்க ராணுவத் துப்பாக்கி எம்16. அதன் ரிசீவர் 7075 என்ற அலுமினியக் கலவையை அடித்து உருவாக்கி, பிறகு மில்லிங் செய்தது, அதாவது சுழலும் கட்டரால் குடைந்தது. ஓரிடத்தில் தடிப்பு, அடுத்த இடத்தில் மெலிவு என்று உருவம் மாறிக்கொண்டே போகும். உள்பள்ளங்களின் மூலைகளில் கட்டர் சுழன்ற வளைவு நிற்கும். தேய்ந்த விளிம்புகளையும் கவனியுங்கள்: அனோடைசிங் என்ற காப்புப் படலம் போன இடத்தில் வெள்ளி நிறம் எட்டிப்பார்க்கும், பழுப்புத் துரு ஏறாது.

எது வலிமையானது என்று கேட்பவர்களுக்கு: வெடிப்பின் அழுத்தத்தை இந்த உடல்கள் நேரடியாகத் தாங்குவதில்லை. எம்16-இல் போல்ட் பூட்டுவது குழலோடு இணைந்த எஃகுத் துண்டில்; ஏகேஎம்மில், முன்பக்கம் ரிவெட் அடித்த எஃகுக் கட்டியில். உடலின் வேலை எல்லாவற்றையும் நேர்கோட்டில் வைத்திருப்பது. எஃகின் எடையிலும் விறைப்பிலும் அலுமினியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் அதைத் தடிமனாக விடுகிறார்கள்.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். டை செய்யச் செலவு அதிகம். செய்துவிட்டால் பிரஸ் நொடியில் ஒன்றைத் தள்ளும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்3 துப்பாக்கியைத் தகட்டில் அழுத்திக் கொடுத்தது ஜெனரல் மோட்டார்ஸின் கைட் லேம்ப் பிரிவு, கார் முகப்பு விளக்கு செய்தவர்கள்.

இதே கணக்கு அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஆர்மலைட்டிலும் நடந்தது. எம்16-க்கு மூலமான ஏஆர்-15-ஐ அலுமினியத்தில் உருவாக்கி உரிமையைக் கோல்ட் நிறுவனத்துக்கு விற்ற அந்த நிறுவனம், 1960களில் ஏஆர்-18-ஐத் தகட்டில் கொண்டுவந்தது. அலுமினியத்தை அடித்துக் குடையும் வசதியில்லாத நாடுகளும் அதைச் செய்யலாம் என்ற எண்ணத்தில். இரண்டும் அருகருகே மாட்டியிருந்தால், நிறத்தை விட்டுவிட்டு மேல் உடலின் மடிப்புகளைப் பாருங்கள்.