போர் தண்ணீர் நிரப்பிய நீச்சல் குளத்தைச் சரிசெய்வது எப்படி?

கொங்குப் பக்கம் தோட்டத்தில் நீச்சல் குளம் கட்டினால் போர் தண்ணீர்தான் கதி. எங்கள் குளமும் அப்படித்தான். பம்ப், சாண்ட் ஃபில்டர் எல்லாம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு நேராகத் தண்ணீருக்கு வருகிறேன்.

நிரப்பும் முன் ஒரு வெள்ளை வாளியில் போர் தண்ணீரைப் பிடித்து, ஒரு மூடி ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவ குளோரின்) விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். டீத்தண்ணி நிறம் வந்தால் இரும்பு இருக்கிறது. அப்படியானால் குளத்தில் கொஞ்சம் ஹைப்போ விட்டு, நிறம் வந்ததும் படிகாரம் கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்தி இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். அடியில் படிந்ததை ஃபில்டர் வழியாக விடாமல் வால்வை ‘வேஸ்ட்’டில் வைத்து உறிஞ்சி வெளியேற்றுங்கள்.

அப்புறம் டெஸ்ட். சொட்டுகளை எண்ணுகிற கிட்தான் வாங்க வேண்டும். நிறம் மாறும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் காரத்தன்மை (ஆசிட்டை ஈடுகட்டும் பைகார்பனேட் போன்றவற்றின் அளவு) 180-க்கும் 240-க்கும் நிற வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைக் காட்டும், காரத்தன்மையைச் சொல்லாது. வர வேண்டிய அளவு: பிஎச் 7.2 முதல் 7.6, காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400, குளோரின் 1 முதல் 3.

நான் மாட்டிக்கொண்டு முழித்த இடம் இனிமேல்தான். ஆசிட் விட்டால் பிஎச் இறங்கும், இரண்டு நாளில் பழையபடி 8-ஐத் தொடும். ஆசிட் தரம் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். ஆசிட் பட்டதும் அது கார்பன் டை ஆக்சைடாகிறது. திறந்து வைத்த சோடாவைப் போல அந்த வாயு வெளியேற வெளியேற பிஎச் ஏறும். ஆனால் இறங்கிய காரத்தன்மை இறங்கியதுதான். அதனால் பிஎச் 7.2 வரும்வரை ஆசிட் விடுங்கள், தண்ணீர் வரும் ஜெட்டை மேல்நோக்கித் திருப்பிக் கலக்கவிடுங்கள், பிஎச் ஏறியதும் மறுபடி ஆசிட். காரத்தன்மை 100-க்கு வந்ததும் பிஎச் ஏறுவது வெகுவாகக் குறையும். கணக்கு இதுதான்: 10,000 லிட்டர் தண்ணீரில் காரத்தன்மையை 10 பிபிஎம் குறைக்க, 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏறக்குறைய 200 மில்லி. ஒரே நாளில் மொத்தத்தையும் கொட்டாதீர்கள்.

வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் ஆசிட். ஆசிட் எடுத்த வாளியில் ஹைப்போ படவே கூடாது. விஷமான குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள்.

குளோரினுக்கு என் ஓட்டு திரவ ஹைப்போவுக்குத்தான். பிளீச்சிங் பவுடரில் கால்சியம் உண்டு, ஏற்கெனவே கடினமான தண்ணீரில் அதையும் ஏன் சேர்க்க வேண்டும்? ஹைப்போ வெயிலில் வீரியம் இழக்கும், ஆகவே கொஞ்சமாக வாங்கி, சாயங்காலம் விடுங்கள்.

பின்சேர்க்கை: கடினத்தன்மை 600 இருக்கிறது, என்ன மருந்து போடுவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வீட்டுக் குளத்துக்கு நான் சொல்லக்கூடிய மருந்து எதுவும் இல்லை. கோடையில் தண்ணீர் ஆவியாகும், கால்சியம் அங்கேயே நிற்கும். குறைகிற தண்ணீருக்குப் போர் தண்ணீரையே விட்டால் இன்னும் ஏறும். ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டு மொட்டை மாடி மழைத் தண்ணீரை வடிகட்டி விடுங்கள். அதுவரை பிஎச் 7.2-ஐ ஒட்டியும் காரத்தன்மை 80-ஐ ஒட்டியும் இருக்கட்டும், டைல்ஸ் விளிம்பில் வெள்ளைக் கோடு படிவது குறையும்.