மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு லேசான அலாய் வீல் வாங்கும் முன்

முதல் வேலை, காரில் இப்போது இருக்கும் வீலை எடை போடுவது. அதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஊருக்குக் கிளம்பும்போது சூட்கேஸ் 23 கிலோவைத் தாண்டிவிட்டதா என்று தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு, இங்கிலாந்தில் நம்மவர் வீட்டில் எப்படியும் ஒன்று கிடக்கும். ஒரு வீலைக் கழற்றி, டயரோடு சேர்த்து, ஆரக்கால் வழியாகக் கயிறு கோத்துத் தூக்குங்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அப்புறம் விளம்பரங்களைப் பாருங்கள்.

எம்எக்ஸ்-5 விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் கம்பெனி வீலே அவ்வளவு கனமில்லை. 1989-ல் வந்த முதல் தலைமுறைக் காரின் 14 அங்குல, ஏழு ஆரக்கால் அலாய் சுமார் ஐந்தரை கிலோதான் இருக்கும். கடைகளில் பளபளவென்று மாட்டி வைத்திருக்கும் மலிவான 16 அங்குல வார்ப்பு அலாய் எட்டு கிலோவைத் தொட்டுவிடும். நானூறு, ஐந்நூறு பவுண்டு கொடுத்து எடையை ஏற்றிக்கொண்டு வந்து, "கார் முன்ன மாதிரி துள்ளலையே" என்று கேட்கிறவர்கள் உண்டு. எப்படித் துள்ளும்?

நான் ஓட்டுவது மார்க் 2 (இரண்டாம் தலைமுறை), 1.8 லிட்டர். வீல் 15 அங்குலம், 6ஜே (6 அங்குல) அகலம், ஈடி 40 ஆஃப்செட் (இது என்ன என்று கீழே சொல்கிறேன்), 195/50 ஆர்15 டயர் (195 மிமீ அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 50 சதவீதம், 15 அங்குல ரிம்). கீழே வரும் கணக்கெல்லாம் இந்தக் காருக்கு. மார்க் 1-க்கும் பெரும்பாலும் பொருந்தும். மார்க் 3-க்குப் பொருந்தாது. அதில் ஐந்து போல்ட், 114.3 பிசிடி (போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம், மிமீ கணக்கில்). இப்போதைய மார்க் 4-ல் மறுபடியும் நான்கு போல்ட், 100 பிசிடிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அதன் ஆஃப்செட்டும் பிரேக்கும் வேறு.

வீலில் ஒரு கிலோ குறைத்தால் காரில் பத்து கிலோ குறைத்த மாதிரி என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். சுழலும் பொருளை வேகமெடுக்க வைக்கக் கூடுதல் சக்தி வேண்டும் என்பது உண்மைதான். எவ்வளவு கூடுதல் என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த டயரின் ஆரம் 28.8 சென்டிமீட்டர். 15 அங்குல ரிம்மின் வெளிவட்டம் மையத்திலிருந்து சுமார் 19 சென்டிமீட்டர். 19-ஐ 28.8-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தினால் 0.44 வரும். சுழல்வதற்கான இந்தக் கூடுதலை, காரோடு நகர்வதற்கான ஒன்றோடு கூட்டுங்கள். ஆக, ரிம் வட்டத்தில் குறைக்கும் ஒரு கிலோ, காருக்குள் குறைக்கும் 1.4 கிலோவுக்குச் சமம். நடுவில், நட் இருக்கும் பகுதியில் குறைத்தால் ஒன்றுக்கு ஒன்றுதான், கொசுறாக ஏதோ கொஞ்சம். டயரில் தரையைத் தொடும் பாகத்தில் குறைத்தால் கிட்டத்தட்ட இரண்டு. இரண்டை எந்த இடமும் தாண்டாது.

இப்போது ஒரு வீலுக்கு இரண்டு கிலோ குறைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் எட்டு கிலோ. முடுக்கத்தைப் பொறுத்தவரை அது 11 கிலோ. டேங்கில் 15 லிட்டர் பெட்ரோல் குறைவாகப் போட்டாலும் இதே பலன் கிடைக்கும். அப்படியானால் இந்தச் செலவு எதற்கு? சாலைக்காக. வீல், டயர், பிரேக் டிஸ்க், அதைப் பிடிக்கும் காலிப்பர், வீல் மாட்டும் ஹப் எல்லாம் சேர்ந்து ஒரு மூலையில் சுமார் முப்பது கிலோ ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது. குழியில் இறங்கி ஏறும்போது ஷாக் அப்சார்பர் அடக்க வேண்டியது அந்த முப்பதைத்தான். அதில் இரண்டு போனால் நன்றாகவே தெரியும். ஒட்டுப்போட்ட கிராமத்துச் சாலையில், வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால் பின்பக்கம் தாவாமல் படிந்து போகும். ஸ்டியரிங்கும் கையில் இலகுவாகப் பேசும். நேரான சாலையில் வேகம் கூடும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

டயரின் பங்கு இரண்டு மடங்கு என்று பார்த்தோம் அல்லவா, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே 195/50 ஆர்15 அளவில் ஒரு டயருக்கும் இன்னொன்றுக்கும் ஒரு கிலோ வரை வித்தியாசம் இருக்கும். அறுநூறு பவுண்டு கூடுதலாகக் கொடுத்து வீலில் ஒரு கிலோ மிச்சம் பிடித்து, கனமான டயரைப் போட்டால் எல்லாம் போச்சு. எடையை எப்போதும் வீலும் டயரும் சேர்த்தே பாருங்கள்.

அளவில் என் தீர்ப்பு: 15 அங்குலம், 7ஜே, 195/50. மார்க் 1-ன் 185/60 ஆர்14 டயரின் குறுக்களவு 578 மிமீ, 195/50 ஆர்15-ன் குறுக்களவு 576 மிமீ. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. 205/45 ஆர்16-க்குப் போனால் 591. முதல் கியரிலிருந்து எல்லாமே 2.6 சதவீதம் நீண்டுவிடும், ஸ்பீடோமீட்டரும் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது இங்கே சட்டம். 17 அங்குலம் இந்தக் காருக்குப் பார்வைக்கு மட்டும்தான்.

இனி ஆஃப்செட். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். வீலின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு. ஹப்பில் போய் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மிமீ தள்ளியிருக்கிறது என்பதுதான் ஈடி எண். எண் குறையக் குறைய வீல் மட்கார்டுக்கு வெளியே வரும். அகலம் கூடினால் இரண்டு பக்கமும் வளரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு தாளில் போடுங்கள். 6 அங்குலத்தில் பாதி 76.2 மிமீ, ஈடி 40-ஐக் கழித்தால் வெளிப்பக்கம் 36.2. 7 அங்குலத்தில் பாதி 88.9, ஈடி 35-ஐக் கழித்தால் 53.9. ஆக வெளியே 17.7 மிமீ வருகிறது. உள்பக்கத்துக்குக் கழிப்பதற்குப் பதில் கூட்டுங்கள்: 116.2, 123.9. உள்ளே 7.7 மிமீ போகிறது. இந்த அளவு மார்க் 1, மார்க் 2 இரண்டிலும் மட்கார்டைத் தொடாமல் உட்காரும். இதே கணக்கை 8ஜே ஈடி 25-க்குப் போட்டால் வெளியே 40 மிமீ வரும். மட்கார்டு விளிம்பை உள்பக்கமாக மடக்க வேண்டும், கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்ளே சாயும் அளவு) கூட்ட வேண்டும்; காரைத் தாழ்த்தியும் இருந்தால் குழியில் இறங்கும்போதெல்லாம் உரசும். டிராக்குக்கு மட்டும் என்றால் சரி, தினமும் வேலைக்குப் போக இது வேண்டாம்.

நடுத்துளைக்கு வருவோம். மாஸ்டாவின் ஹப் 54.1 மிமீ. கடையில் வரும் 4x100 (நான்கு போல்ட், 100 பிசிடி) வீல்களில் துளை 67.1 அல்லது 73.1 என்று பெரிதாக இருக்கும், பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும். போடாவிட்டால் வீல் ஒரு மயிரிழை நகர்ந்து உட்கார்ந்தாலும் 60, 70 மைல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் கடைக்காரர் எத்தனை எடைக்கட்டி ஒட்டினாலும் நிற்காது. சாலைக்குப் பிளாஸ்டிக் ரிங்கே போதும். டிராக் போகிறவர்கள் பிரேக் சூட்டில் அது இளகும் என்பதால் அலுமினியத்தில் வாங்குவார்கள். அலுமினிய ரிங் இங்கத்திய சாலை உப்பில் ஹப்போடு பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவி வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: ஃபியட் வீல்கள் 4x98. கண்ணுக்கு 4x100 மாதிரியே தெரியும், நட்டும் ஏறுவது போல இருக்கும். விற்பவர் "போய்விடும் சார்" என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.

மார்க் 2-ல் 2001-க்குப் பிறகு வந்த சில ஸ்போர்ட் கார்களில் முன் டிஸ்க் 270 மிமீ. அதற்கு 14 அங்குலம் நடக்காது, 15-லும் ஆரக்கால் உட்புறம் குழிந்த சில டிசைன்கள் காலிப்பரை இடிக்கும். வாங்கும் முன் ஒரே ஒரு வீலை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள்.

எந்த வீல் என்றால், மூன்று வகை. சாதாரண வார்ப்பு, வார்த்த பிறகு ரிம் பாகத்தை மட்டும் உருளைகளால் அழுத்தி இழுத்து மெலிதாக்கியது, முழுக்க ஃபோர்ஜ் செய்தது (உருக்கி ஊற்றாமல் அழுத்தி உருவாக்கியது). என்கே கம்பெனியின் ஆர்பிஎஃப்1 இரண்டாவது வகை. 15x7 அளவில் சுமார் நாலரை கிலோ. கொடுக்கும் காசுக்கு இதைவிட நல்ல வீல் இந்தக் காருக்கு எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வகையில் எல்லோரும் கேட்பது ரேஸ் (Rays) கம்பெனியின் டிஇ37. 1996-ல் வந்தது; 15x6 அளவில் 3.7 கிலோ இருந்ததால்தான் அந்த 37. அழகுதான், ஆனால் அதற்கு வரும் போலிகளுக்குக் கணக்கில்லை. போலியைத் தராசில் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆரக்கால் அல்லது உள்பக்கத்தில் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது, ஜப்பானியத் தரப்படி சோதித்ததாகத் தயாரிப்பாளரே சொல்வது. இரண்டாவது, வெளி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்தது. இரண்டாவதற்கு மதிப்பு அதிகம். எந்த முத்திரையும், தாங்கும் எடையும் பொறிக்காத 'அல்ட்ராலைட்' வீல் எவ்வளவு மலிவாக வந்தாலும் எனக்கு வேண்டாம். உலோகத்தைக் குறைத்து எடையைக் குறைப்பது யாராலும் முடியும், குறைத்த பிறகு குழியைத் தாங்க வேண்டுமே.

பழைய வீல் வாங்கினால் முன்முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள், கீறலுக்குப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். திருப்பிப் போட்டு, ஆரக்கால் ரிம்மோடு சேரும் இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நகத்தை ஓட்டுங்கள். மெல்லிய விரிசல் கண்ணில் படுவதற்கு முன்னால் நகத்தில் மாட்டும். உள்விளிம்பை பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்தால் நெளிவு அலையலையாகத் தெரியும். உள்பக்கம் வெல்டு போட்டிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். புதிதாகப் பவுடர் கோட் செய்த வீல் என்றாலும் எனக்குச் சந்தேகம்தான். அந்த அடுப்பு 200 டிகிரி வரை போகும். அலுமினியத்தைக் கடினமாக்கும் டி6 பதத்தின் கடைசிக் கட்டம் நடந்தது அதைவிடக் குறைந்த சூட்டில். எத்தனை நேரம் உள்ளே வைத்தார்கள் என்று விற்பவருக்கே தெரியாது.

மாட்டும்போது ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். நட் எம்12x1.5, 60 டிகிரி கூம்பு முனை. ஹோண்டாவின் உருண்டை முனை நட்டைக் கலந்துவிடாதீர்கள். குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சில் 100 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் கடகடவென்று முடுக்கும் கடையில், கடைசி முடுக்கு நான் போடுகிறேன் என்று கேட்டு வாங்கிவிடுங்கள். ஐம்பது மைல் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இங்கே வீல் மாற்றுவதும் மாடிஃபிகேஷன் கணக்கில்தான் வரும். சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். கழற்றிய கம்பெனி வீல்கள் நான்கையும் விற்றுவிடாதீர்கள். அவற்றில் குளிர்கால டயரைப் போட்டு நவம்பரிலிருந்து மார்ச் வரை ஓட்டலாம், உப்பும் குழியும் அவற்றோடு போகட்டும்.