'தி த்ரீ-பாடி பிராப்ளம்' நாவலைப் பாதியில் மூடிவைக்காமல் படிப்பது எப்படி?

லியு ட்சிஷின் எழுதி 2008இல் நூலாக வந்த சீன அறிவியல் புனைகதை இது. கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வெளியாகி, அடுத்த ஆண்டே அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றது. "எனக்கு இயற்பியல் வராது" என்று இதைத் தொடத் தயங்குகிறவர்களுக்காகவே எழுதுகிறேன். முதல் முறை நான் தடுக்கி நின்றது இயற்பியலில் அல்ல, வரலாற்றில்.

படி 1: நாவலைத் திறக்கும் முன், 1966 முதல் 1976 வரை நடந்த சீனக் கலாசாரப் புரட்சியைப் பற்றி அரை மணி நேரம் படியுங்கள். கதை 1967இல் தொடங்குகிறது. இயற்பியல் பேராசிரியர் ஒருவரை மேடையேற்றி, சார்பியல் கோட்பாட்டைக் கற்பித்தது குற்றம் என்று சொல்லி மாவோவின் மாணவர் படையான இளம் செங்காவலர்கள் அடித்தே கொல்கிறார்கள். மகள் யே வென்ஜியே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னாளில் அவள் எடுக்கும் முடிவின் வேர் இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். சீன நூற்பதிப்பில் இப்பகுதி கதையின் நடுவில் இருந்தது. ஆசிரியரின் ஒப்புதலோடு ஆங்கிலத்தில் முதலுக்கு வந்தது. அங்கேதான் அது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

படி 2: ஒரு தாளில் பெயர்களைக் குறித்துவாருங்கள். நம் இனிஷியல்போல, சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். யே என்பது குடும்பம், வென்ஜியே என்பது அவள். திருமணத்துக்குப் பிறகும் பெண்கள் தம் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தந்தையுடையது. அதனால் தாயும் மகளும் உறவே இல்லாதவர்கள்போலத் தோன்றலாம்.

படி 3: அடிக்குறிப்புகளை அந்தந்த இடத்திலேயே படித்துவிடுங்கள்.

படி 4: கதைக்குள் வரும் கணினி விளையாட்டுக்கு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். இரண்டு விண்பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும் பாதையைச் சூத்திரத்தால் சொல்லிவிடலாம். மூன்றாவது சேர்ந்தால் பொதுச் சூத்திரம் கிடையாது. தொடக்கத்தில் இம்மியளவு மாறினாலும் பாதை எங்கெங்கோ போய்விடும். அந்த விளையாட்டில் வரும், மூன்று சூரியன்கள் கொண்ட உலகில் விடியல் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அங்கே மூன்று கோடி வீரர்களைக் கொடி பிடிக்கவைத்து ஒரு கணினியையே உருவாக்குவார்கள். வீட்டில் மூன்று பேர் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். கறுப்பு 1, வெள்ளை 0. முன்னால் நிற்கும் இருவரும் கறுப்பைத் தூக்கினால் மட்டுமே மூன்றாமவர் கறுப்பைத் தூக்க வேண்டும். மற்ற எல்லா நேரமும் வெள்ளைதான். நான்கு முறை மாற்றி மாற்றித் தூக்கினால் கணினியின் அடிப்படை உறுப்பான ஒரு லாஜிக் கேட் உங்கள் கூடத்தில் இயங்கிவிடும். அதற்குப் பிறகு அந்த அத்தியாயத்தைப் படிப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சியே வேறு.

படி 5: முடித்ததும் பெயர்த் தாளைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டாம் பாகமான 'தி டார்க் ஃபாரஸ்ட்'டுக்கும் அது வேண்டும். முரட்டுப் பேச்சும் எதையும் மோப்பம் பிடித்துவிடும் மூக்கும் கொண்ட போலீஸ்காரர் ஷீ ச்சியாங் அங்கேயும் வருகிறார்.