வெறுப்புச் சின்னத்தைக் கண்டதும் செய்யக்கூடாதவை

கடந்த மாதம் இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் இளம் ஆசிரியர் ஒருவர் யூத வெறுப்பைப் பற்றி வகுப்பெடுத்தபோது, நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். 12 வருடங்களுக்கு முன் நான் செய்த பிழையை அவர் சொல் மாறாமல் திரும்பச் செய்ததைக் கேட்ட பிறகே இதை எழுதத் தொடங்கினேன். ஹிட்லர் படம் போட்ட சட்டையை அணியக்கூடாது என்பது போன்றவற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோவில் சுவஸ்திகத்தையும் நாஸிச் சின்னத்தையும் சேர்த்துக் கண்டிப்பது

12 வருடங்களுக்கு முன் நானும் நாஸிக் கொடியைத் திரையில் காட்டி, "இந்தச் சின்னத்தை எங்கே கண்டாலும் அகற்ற வேண்டும்" என்று முடித்தேன். மறுநாள் காலை, வகுப்பில் மிகக் கவனமாகக் குறிப்பெடுத்த பையன், பிள்ளையார் கோவில் வாசல் நிலையில் மஞ்சளாலும் குங்குமத்தாலும் வரைந்திருந்த சுவஸ்திகத்தைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தான். கோவில் பரிபாலன சபையிடம் மன்னிப்புக் கேட்டும், ஆறு மாதம் அந்தத் தோட்டத்துக்குள் வகுப்பு நடத்த முடியவில்லை. அதைவிட எரிச்சல் தருவது வேறொன்று. நான் உண்மையில் மனத்தில் வைத்துப் பேசியது, பாடசாலை வேன் ஒன்றின் பின்கண்ணாடியில் கழுகோடு ஒட்டியிருந்த நாஸி ஸ்டிக்கரை. அதுவரை என் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தடுமாறிய அந்த வேனின் சாரதி, கோவில் சண்டைக்குப் பிறகு, "நம்ம பிள்ளையார் அடையாளந்தானே சேர்" என்று சிரித்தார். அந்தச் சாக்கை அவருக்கு எடுத்துக் கொடுத்தவன் நான்.

வலப்புறம் திரும்பினால் நம்முடையது, இடப்புறம் திரும்பினால் அவர்களுடையது என்று சிலர் குறுக்குவழி கற்பிக்கிறார்கள், அது பிழை. ஹிட்லரின் கட்சி 1920இல் எடுத்துக்கொண்ட கொக்கிச் சிலுவை என்ற நாஸிச் சின்னமும் நம் கோவில்களில் பெரும்பாலும் காணும் சுவஸ்திகமும் ஒரே பக்கமே திரும்புகின்றன. நாஸிக் கொடியில் அது கறுப்பாக, 45 பாகை சாய்ந்து, சிவப்புத் துணியின் நடுவே வெள்ளை வட்டத்துக்குள் இருக்கும். நம்முடையது பொதுவாக நேராக நிற்கும், இடைவெளி நான்கிலும் புள்ளி இருக்கும். நேராக நிற்கும் நாஸிச் சின்னங்களும் உண்டு என்பதால், சாய்வை மட்டும் நம்பாமல், அது எங்கே, எதனோடு சேர்ந்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும்: கழுகு, ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் இரட்டை மின்னல், ஹிட்லர் வணக்கத்தைக் குறிக்கும் 88. (1988இல் பிறந்தவரின் மோட்டார் சைக்கிளிலும் 88 இருக்கலாம், முதலில் கேளுங்கள்.)

ரொத்சைல்ட் வதந்தியைச் சிரித்துத் தள்ளுவது

உலக வங்கிகளெல்லாம் ரொத்சைல்ட் என்ற ஐரோப்பிய யூத வங்கியாளர் குடும்பத்தின் பிடியில் இருக்கின்றன என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்புகிறவர், நீங்கள் சிரித்தால் இன்னும் உறுதியாக நம்புவார். அவரிடம் புசல்லாவையைப் பற்றிப் பேசுங்கள். ரொத்சைல்ட்களின் உறவினரான டி வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் சீனத் தேயிலைக் கன்றுகளை அங்கே நட்ட தோட்டம் இன்றும் ரொத்சைல்ட் என்ற பெயரிலேயே இருக்கிறது. மற்றத் தோட்டத் துரைமாரை எடைபோடும் அதே தராசில் அவர்களையும் எடைபோடலாம். யூதர் என்பதற்காகத் தனித் தராசு எதற்கு?

நம் கதையும் யூதர் கதையும் ஒன்றே என்பது

நாஸி ஜெர்மனியின் 1935 நியூரம்பெர்க் சட்டங்கள் யூதர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தன என்றதும், மலையகத் தமிழரான நம் பாட்டன்மாருக்கு 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டதை அறிந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கிருந்து தொடங்குவது நல்லதுதான். ஆனால் அங்கே அது ஏறத்தாழ 60 இலட்சம் யூதரின் கொலையில் போய் முடிந்தது என்பதை மழுப்பக்கூடாது.

இஸ்ரேல் அரசைக் கண்டிப்பதும் யூதரை வெறுப்பதும்

இரண்டும் வேறு வேறு. இஸ்ரேலை ஆதரிப்பவர்களிலும் எதிர்ப்பவர்களிலும் பலர் குழப்புகிறார்கள்.

முதலில் பொலிஸ்

வேண்டாம். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் (ICCPR) இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கிறது. ஆனால் 2019இல் அதே சட்டத்தின் கீழ் ஒரு சிறுகதை எழுதியவரும் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அந்த வேன் சாரதியோடு நான் மூன்று தடவை பேசினேன். மூன்றாம் தடவை அவரே, விடுமுறையில் எல்ல என்ற ஊர் வரை வாடகைக்கு வந்த வெளிநாட்டுக் குடும்பமொன்று வண்டியின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு ஏறாமல் திரும்பியது இதனால்தானா என்று கேட்டார். அன்று மாலை வெந்நீர் ஊற்றி உரித்தார். கழுகின் ஒரு சிறகு மட்டும் கண்ணாடியை விட்டு வரவில்லை.