பின்பக்கம் உக்காருத வண்டிக்கு ஏர் பேக் மாட்டுதது எப்படி

அண்ணாச்சி, குற்றாலத்துக்கு ஆள ஏத்துனா இன்னோவா பின்பக்கம் உக்காருதா, மொதல்ல காயில் ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கான்னு பாருங்க, ஒடஞ்சிருந்தா ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குள்ள வைக்குத காத்துப் பை, விபத்துல விரியுதது இல்ல) மாட்டி பிரயோஜனமே இல்ல. சேஸிஸ தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க, வெறும் ஜாக்கிய நம்பி அடியில படுத்துராதீங்க. ஆக்ஸில் தொங்கி ஸ்பிரிங் விரிஞ்சதும், உள்ள பம்ப் ஸ்டாப்பு (ரப்பர் முட்டுக்கட்ட) இருந்தா கழத்திட்டு, பேக்குல காத்த சுத்தமா எறக்கி மூடியப் போட்டு, நீளவாக்குல மடிச்சு கம்பி எடவெளி வழியா சொருகி, உள்ள போனதும் மூடியத் தொறந்து வெரலால நேராக்கி விடணும். பேக்குக்கு காத்து போவுத ட்யூப் சைலன்சர் பக்கம் போவவே கூடாது, உருகிரும். காத்தடிச்சு, ட்யூப் சேருத எடத்துல சோப்புத்தண்ணி தடவி முட்ட வருதான்னு பாருங்க, வந்தா காத்து கசியுது. காலி வண்டியிலயும் 5 பிஎஸ்ஐக்கு கொறையாம வைங்க, கொறஞ்சா பேக் கம்பியில கடிபட்டு கிழியும். மேல எவ்வளவுன்னு கிட்டுல போட்டிருக்கதுதான் கணக்கு, பெரும்பாலும் 35. அதுக்காவ கூடுதல் மூடை ஏத்தாதீங்க, வண்டி தாங்குத எடை மாறாது.